விசாரணை நின்றது, ரிமாண்ட் நிற்கவில்லை

டெல்லி லக்ஷ்மிபாய் நகரில் நின்றுகொண்டு நான்கு பக்கமும் திரும்பினால், பெருந்தொற்றுக் காலத்தில் இந்தியக் குற்றவியல் நீதி சோதிக்கப்பட்ட இடங்கள் ஒவ்வொன்றாக வரும். வடகிழக்கே உச்ச நீதிமன்றம், டெல்லி உயர் நீதிமன்றம், பாட்டியாலா ஹவுஸ் நீதிமன்ற வளாகம். கிழக்கே நிஜாமுதீன் மர்கஸ். தெற்கே சாகேத் நீதிமன்றங்கள். மேற்கே திகார் சிறை. மத்திய அரசு ஊழியர்களின் குடியிருப்பான இந்த நகரில் தமிழ்க் குடும்பங்களும் தமிழ்ப் பள்ளியும் உண்டு. கோப்பு, காலக்கெடு, கால நீட்டிப்பு ஆகியவற்றின் அருமை தெரிந்தவர்கள் வாழும் இடம். அரசு ஒரு காலக்கெடுவைத் தள்ளிவைத்தால் அதன் பலன் யாருக்குப் போகிறது, சுமை யார் தலையில் விழுகிறது என்பதை இவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2020 மார்ச்சில் நாட்டின் நீதித்துறையும் தன் கடிகாரங்களைத் தள்ளிவைத்தது. எல்லாக் கடிகாரங்களும் நின்றனவா, சில மட்டும் நின்றனவா என்று பார்த்தால்தான் அடுத்த மூன்று ஆண்டுகளில் நடந்தது புரியும்.

ஒரு குற்ற வழக்குக்கு இரண்டு ஓட்டங்கள் உண்டு. கைது, ரிமாண்ட், சிறை என்று போவது ஒன்று. சாட்சி, குறுக்கு விசாரணை, தீர்ப்பு என்று போவது மற்றொன்று. முதலாவது ஒருவரின் உடலை எடுத்துக்கொள்கிறது. இரண்டாவது, அப்படி எடுத்துக்கொண்டது சரிதானா என்று சொல்கிறது. இரண்டும் சேர்ந்து ஓடினால்தான் அதற்கு நீதி என்று பெயர். 2020 மார்ச் 23 அன்று உச்ச நீதிமன்றம் இரண்டு முக்கிய உத்தரவுகளைப் பிறப்பித்தது. வழக்குகளையும் மேல்முறையீடுகளையும் தாக்கல் செய்வதற்கான காலவரம்பு மார்ச் 15 முதல் நீட்டிக்கப்படுகிறது என்பது ஒன்று. சிறைகளில் நெரிசலைக் குறைக்க ஒவ்வொரு மாநிலமும் உயர்நிலைக் குழு அமைக்க வேண்டும் என்பது மற்றொன்று. அடுத்து ஏப்ரல் 6 அன்று காணொலி விசாரணைக்கு வழிகாட்டு நெறிகள் வந்தன. அதில் ஒரு வரி மிக முக்கியம்: இரு தரப்பும் சம்மதிக்காமல் காணொலியில் சாட்சியம் பதிவு செய்யக் கூடாது. எச்சரிக்கையான, நியாயமான வரி அது. சாட்சியின் அருகில் யார் நிற்கிறார்கள், கையில் என்ன வைத்திருக்கிறார், யார் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதெல்லாம் திரையில் தெரியாது. ஆனால் அதன் நடைமுறை விளைவு, கீழமை நீதிமன்றங்களில் சாட்சிக் கூண்டு ஏறக்குறைய காலியானது. ஜாமீன் மனு, இடைக்கால மனு, இறுதி வாதம், வாய்தா இவை காணொலியில் நடந்தன. அப்படிக் கேட்கப்பட்டவை நாடு முழுவதும் கோடியைத் தாண்டின என்று சட்ட அமைச்சகம் பெருமையோடு சொன்னது. அது பொய்க்கணக்கு அல்ல. ஆயினும் கேட்கப்பட்ட வழக்கு வேறு, முடிந்த வழக்கு வேறு. 2020 தொடக்கத்தில் ஏறத்தாழ 3.2 கோடியாக இருந்த கீழமை நீதிமன்ற நிலுவை, 2022-இல் 4 கோடியைக் கடந்திருந்தது.

முதல் ஓட்டம் நிற்கவே இல்லை. கைதானவரைக் காணொலியில் மாஜிஸ்திரேட் முன் காட்டி ரிமாண்டை நீட்டிக்கச் சட்டத்தில் பெருந்தொற்றுக்கு முன்பே இடமிருந்தது. காவல் துறைக்கு ஒரு பிரிவும் மிகத் தாராளமாகப் பயன்பட்டது: அரசு ஊழியரின் உத்தரவை மீறுவதற்கான இந்திய தண்டனைச் சட்டத்தின் 188-வது பிரிவு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் இந்தப் பிரிவின் கீழ் 2019-இல் பதிவானவை 29,469 வழக்குகள், 2020-இல் 6,12,179. நாடே வீட்டுக்குள் முடங்கிய ஆண்டில் மொத்தக் குற்றம் 28 விழுக்காடு கூடியதாக ஆவணம் காட்டுவதற்கு இதுதான் பெரும் காரணம். தமிழ்நாட்டில் ஊரடங்கு மீறலுக்காகப் போடப்பட்ட சுமார் 10 லட்சம் வழக்குகளை, 2021 பிப்ரவரியில், சட்டமன்றத் தேர்தல் நெருங்கிய வேளையில், அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி ஓர் அறிவிப்பில் கைவிட்டார். பதிவு செய்ய நிலையம் நிலையமாகப் போலீஸ் உழைத்தது. கைவிட ஒரு மேடைப் பேச்சு போதுமாக இருந்தது. ஒருவரையும் விசாரிக்கும் எண்ணமில்லாமல் இத்தனை லட்சம் வழக்குகளை ஓர் அமைப்பு எழுதிக் குவித்தது என்றால், வழக்குப் பதிவதும் வழக்கை நடத்துவதும் அங்கே எவ்வளவு தூரம் விலகிப் போயிருந்தன என்பதைத் தனியாக நிரூபிக்க வேண்டாம்.

இந்த விலகலைச் சிறைக் கணக்கு இன்னும் துல்லியமாகக் காட்டுகிறது. 2019 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த தண்டனைக் கைதிகள் 1,44,125 பேர். 2020 இறுதியில் அவர்கள் 1,12,589 ஆகக் குறைந்தார்கள். அதே ஓராண்டில் விசாரணைக் கைதிகள் சுமார் 3.3 லட்சத்திலிருந்து 3,71,848 ஆகக் கூடினார்கள். 2021 இறுதியில் அது 4,27,165. சிறையில் இருப்பவர்களில் குற்றம் நிரூபிக்கப்படாதவர்களின் பங்கு 69 விழுக்காட்டிலிருந்து 76 ஆகி, பிறகு 77 ஆனது. டெல்லிச் சிறைகளில் பத்துப் பேரில் ஒன்பது பேர் விசாரணைக் கைதிகள். பெருந்தொற்றை முன்னிட்டுச் சிறைகளைக் காலி செய்யும் இயக்கம் நடந்த அதே ஆண்டில் இது நடந்திருக்கிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். முன்வாசல் வழியே விடுதலை; பின்வாசல் வழியே அதற்கு மேல் வரவு. வெளியேறும் இயல்பான வழியான தீர்ப்பு மட்டும் அடைபட்டிருந்தது.

வழக்குகள் எல்லாமே தேங்கின என்று சொன்னால் அதுவும் முழு உண்மையாகாது. சில வழக்குகள் வியக்கத்தக்க வேகத்தில் முடிந்தன. எவை என்று பார்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது. நிஜாமுதீன் மர்கஸில் 2020 மார்ச்சில் நடந்த தப்லீக் ஜமாஅத் கூட்டத்தை ஒட்டி, விசா விதிமீறல், தொற்றுநோய்ச் சட்ட மீறல் முதலிய குற்றச்சாட்டுகளில் டெல்லிப் போலீஸ் 955 வெளிநாட்டவர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. கோடைக்குள் பெரும்பாலோரின் வழக்கு முடிந்துவிட்டது. எப்படி? குற்றத்தை ஒப்புக்கொண்டு குறைந்த தண்டனை பெறும் பேர முறையின் வழியாக. 2006 முதல் சட்டத்தில் இருந்தும் இந்திய நீதிமன்றங்களில் அபூர்வமாகவே எடுத்துப் பார்க்கப்பட்ட முறை அது. 911 பேர் ஒப்புக்கொண்டு, சில ஆயிரம் ரூபாய் அபராதம் கட்டி, ஊர் போய்ச் சேர வழி தேடிக்கொண்டார்கள். 44 பேர் மட்டும், நாங்கள் குற்றம் செய்யவில்லை, வழக்கை நடத்துங்கள் என்றார்கள். அவர்களில் எட்டுப் பேரை ஆகஸ்டில் நீதிமன்றம் விடுவித்தது. எஞ்சிய 36 பேரையும் டிசம்பர் 15 அன்று சாகேத் தலைமைப் பெருநகர மாஜிஸ்திரேட் அருண் குமார் கர்க் விடுதலை செய்தார். குறிப்பிட்ட காலத்தில் அவர்கள் மர்கஸுக்குள் இருந்தார்கள் என்பதையே அரசுத் தரப்பு நிரூபிக்கவில்லை என்றார். வெவ்வேறு இடங்களிலிருந்து அவர்கள் பிடித்துவரப்பட்டிருக்க நியாயமான வாய்ப்பு இருக்கிறது என்றும் பதிவு செய்தார்.

ஆக, விசாரணை கேட்ட 44 பேரில் ஒருவர் மீதுகூடக் குற்றம் நிற்கவில்லை. அப்படியானால் ஒப்புக்கொண்ட 911 பேரின் ஒப்புதலுக்கு என்ன மதிப்பு? அவர்களில் உண்மையிலேயே விதியை மீறியவர்கள் இருந்திருக்கலாம். ஆனால் விமானம் இல்லை, கடவுச்சீட்டு கையில் இல்லை, நீதிமன்றம் எப்போது திறக்கும் என்று தெரியாது என்ற நிலையில், அந்நிய ஊரில் மாட்டிக்கொண்ட ஒருவருக்கு ஒப்புதல் என்பது வீட்டுக்குப் போகும் டிக்கெட். அதே கூட்டத்தை ஒட்டி, வெளிநாட்டவருக்கு இடம் கொடுத்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட 70 இந்தியர்களுக்கு அந்த டிக்கெட் தேவைப்படவில்லை. இருந்த ஊரிலேயே வழக்கோடு இருந்தார்கள். அவர்கள் மீதான 16 வழக்குகளை டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்த நாள் 2025 ஜூலை 17. ஒரே நிகழ்வு, மூன்று வேகங்கள்: பணிந்தவருக்குச் சில வாரம், விசாரணை கேட்ட வெளிநாட்டவருக்குச் சில மாதம், உள்ளூர்க்காரருக்கு ஐந்து ஆண்டு. இந்தக் கட்டுரை சொல்லவருவது இதுதான்: பெருந்தொற்று எல்லா வழக்குகளையும் ஒரே மாதிரி நிறுத்திவைக்கவில்லை. குற்றத்தை மறுப்பவரின் வழக்கைத்தான் நிறுத்தியது. ஒப்புக்கொள்பவரையும் அபராதம் கட்டுபவரையும் அது சீக்கிரமே வழியனுப்பியது. முகக்கவசம் இல்லாததற்கு டெல்லியில் 500 ரூபாயாக இருந்த அபராதம் 2020 நவம்பரில் 2,000 ஆனது. அதை வசூலிப்பதில் எந்த ஊரடங்கும் குறுக்கே வரவில்லை.

அரசுத் தரப்பின் தாமதத்தையும் குற்றம் சாட்டப்பட்டவரின் கணக்கிலேயே எழுதும் முயற்சி ஒன்று தமிழ்நாட்டில் நடந்தது. அது முறியடிக்கப்பட்டதும் அங்கிருந்து போன வழக்கில்தான். 60 அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால், சிறையில் இருப்பவருக்கு ஜாமீன் உரிமையாகிவிடும் என்கிறது சட்டம். மதுரை மாவட்டம் சமயநல்லூர் காவல் நிலையத்து வீடு புகுந்து திருடிய வழக்கு ஒன்றில், 73 நாளாகியும் குற்றப்பத்திரிகை வரவில்லை. உச்ச நீதிமன்றம்தான் காலவரம்பை நீட்டித்துவிட்டதே, எங்களுக்கும் அது பொருந்தும் என்றது போலீஸ் தரப்பு. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் 2020 மே 8 அன்று வேறொரு வழக்கில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் இந்த வாதத்தை ஏற்க மறுத்திருந்தார். மூன்று நாள் கழித்து இந்த வழக்கில் இன்னொரு தனி நீதிபதி அதை ஏற்றார். உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் அசோக் பூஷண், எம்.ஆர். ஷா, வி. ராமசுப்பிரமணியன் அமர்வு ஜூன் 19 அன்று முடிவு சொன்னது: காலவரம்பு நீட்டிப்பு வழக்காடிகளின் சங்கடத்தைத் தீர்க்க வந்தது, புலன்விசாரணை அதிகாரிக்கு வந்த சலுகை அல்ல, ஊரடங்கு தனிமனித சுதந்திரத்தை நிறுத்திவைக்காது. நெருக்கடி நிலைக் காலத்தில் தனிமனித சுதந்திரத்தைக் கைவிட்ட ஏ.டி.எம். ஜபல்பூர் தீர்ப்பையும் அது பின்னாளில் தூக்கியெறியப்பட்டதையும் அமர்வு நினைவூட்டியது. இந்தப் பெருந்தொற்றுக் காலத்தில் உச்ச நீதிமன்றம் வழங்கிய சிறந்த குற்றவியல் தீர்ப்பு இது என்பது என் கணிப்பு. அதன் அருமை இங்கிலாந்தோடு ஒப்பிட்டால் தெரியும். அங்கே விசாரணைக்கு முன் ஒருவரைச் சிறையில் வைக்கும் 182 நாள் வரம்பை அரசு 2020 செப்டம்பரில் 238 நாளாக உயர்த்தியது. ஒன்பது மாதத்துக்கு மட்டும், நாடாளுமன்றத்தின் பார்வைக்கு வைத்த விதியாக. அது கைதிக்குப் பாதகமான விதிதான். ஆனாலும் இத்தனை நாள், இன்ன தேதிவரை என்று வெளிப்படையாக எழுதப்பட்டது. இங்கே நம் போலீஸ், வேறு காரியத்துக்குப் போட்ட உத்தரவின் நிழலில் அதையே தேதி குறிப்பிடாமல் சாதிக்கப் பார்த்தது.

ஆனால் தீர்ப்பு காகிதத்தில் வந்த அதே ஜூன் 19 மாலை, தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லி ஒரு தந்தையும் மகனும் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். இரவெல்லாம் அடி. மறுநாள் ரிமாண்ட். கோவில்பட்டி கிளைச் சிறை. 22-ஆம் தேதி இரவு மகனும் மறுநாள் விடிவதற்குள் தந்தையும் இறந்தார்கள். அவர்களை ரிமாண்ட் செய்த மாஜிஸ்திரேட் சரியாகப் பார்க்கக்கூட இல்லை என்ற குற்றச்சாட்டு நாடெங்கும் பேசப்பட்டது. ரிமாண்ட் என்பது போலீஸின் பிடியில் இருக்கும் உடலை ஒரு நீதிபதி கண்ணால் பார்த்து, உனக்கு ஏதாவது குறை உண்டா என்று கேட்பதற்காக ஏற்பட்ட சடங்கு. தொற்றுக்கு அஞ்சி விலகி நின்ற காலத்தில் அந்தக் கேள்வி கேட்கப்படாமல் போவது எளிது. விசாரணைதான் நின்றுபோனது, ரிமாண்டாவது முழு மனத்தோடு நடந்திருக்க வேண்டும்.

இங்கே ஒரு கேள்வி வரும்: சிறையிலிருந்து ஆயிரக்கணக்கானவர்களை வெளியே விட்டார்களே, திரும்பி வந்தார்களா? டெல்லியில் நீதிபதி ஹிமா கோலி தலைமையிலான உயர்நிலைக் குழுவின் பரிந்துரைகளின்படி 2020-இல் 6,740 பேர் வெளியே வந்தார்கள். 2021 ஏப்ரலில் சிறைத் துறை கணக்குப் பார்த்தபோது 3,468 பேர் திரும்பவில்லை. பாதிக்கு மேல். இதை வைத்து, கருணை காட்டியதே தவறு என்று பேசியவர்கள் பலர். அந்த எண்ணைப் பூசி மெழுக வேண்டியதில்லை. பிரித்துப் பார்க்க வேண்டும். பரோலில் போன தண்டனைக் கைதிகள் 1,184 பேர். அவர்களில் வராதவர்கள் 112 பேர் மட்டும். பத்தில் ஒன்பது பேர் தாங்களாகவே திகார், ரோகிணி, மண்டோலி வாசல்களுக்குத் திரும்பியிருக்கிறார்கள். இடைக்கால ஜாமீனில் போன விசாரணைக் கைதிகள் 5,556 பேர். அவர்களில் திரும்பியவர்கள் சுமார் 2,200. கொலை நிரூபிக்கப்பட்டவர் திரும்பி வருகிறார், குற்றம் நிரூபிக்கப்படாதவர் வருவதில்லை என்றால் இதைக் குணத்தை வைத்து விளக்க முடியாது. தண்டனைக் கைதிக்குத் தன் நாள் எண்ணிக்கை தெரியும். திரும்பினால் அது குறையும், ஓடினால் கூடும். விசாரணைக் கைதிக்கு உள்ளே போனால் எப்போது வெளியே வருவோம் என்பது தெரியாது. அந்த இரண்டு ஆண்டுகளில் அவருக்காக ஒரு சாட்சிகூட ஏறப்போவதில்லை என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். தப்பியோடியது சரி என்று வாதிடவில்லை. வழக்குக்குத் தேதி கொடுக்க முடியாத அமைப்பு, சரணடையும் தேதியை மட்டும் மதிக்கச் சொன்னால் அதன் சொல் எடுபடாது என்கிறேன்.

அந்தச் சரணடையும் தேதியும் நிலையாக இருந்ததா என்றால், அதுவும் இல்லை. 2020 அக்டோபர் 20 அன்று டெல்லி உயர் நீதிமன்ற முழு அமர்வு, சிறைகளில் தொற்று மிகக் குறைந்துவிட்டதைச் சுட்டி, கொடுங்குற்ற வழக்குகளில் இடைக்கால ஜாமீனில் இருந்த 2,318 பேரையும் நவம்பரில் கட்டம் கட்டமாகச் சரணடையச் சொன்னது. பத்தே நாளில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. 2021 மார்ச் 1 அன்று, பதினைந்து நாளில் சரணடையுங்கள் என்றது. ஏப்ரலில் இரண்டாம் அலை டெல்லியைச் சுடுகாடாக்கியது. மே 7 அன்று தலைமை நீதிபதி என்.வி. ரமணா அமர்வு, முன்பு விடப்பட்டவர்களை மீண்டும் விடுங்கள் என்றது. ஏழு ஆண்டுக்கு உட்பட்ட தண்டனைக் குற்றங்களில் யோசிக்காமல் கைது செய்யாதீர்கள் என்று 2014-ஆம் ஆண்டின் அர்னேஷ் குமார் தீர்ப்பை நினைவூட்டியது. கடைசியில் 2023 மார்ச் 24 அன்று எல்லோரும் சரணடைய வேண்டும் என்ற உத்தரவோடு இந்த அத்தியாயம் முடிந்தது. இடைப்பட்ட மூன்று ஆண்டில் இந்த உத்தரவுகளை ஒழுங்காகப் பின்தொடர ஒரு வழக்கறிஞருக்கே தனிக் குறிப்பேடு தேவைப்பட்டிருக்கும். டெல்லி ஜகாங்கீர்புரியில் கூலி வேலை செய்பவர் எதைப் பின்தொடர்வார்?

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. கைதியைப் பற்றியே பேசுகிறீர்களே, பாதிக்கப்பட்டவர்? பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம் குழந்தையின் சாட்சியத்தை முப்பது நாளிலும் விசாரணையை முடிந்தவரை ஓராண்டிலும் முடிக்கச் சொல்கிறது. ஊரடங்கில் அந்தக் குழந்தையும் காத்திருந்தது; குற்றம் சாட்டப்பட்டவர் ஜாமீனில் வந்து அதே தெருவில் நடமாடினார் என்றால் அந்தக் காத்திருப்பு இரண்டு மடங்கு கொடியது. இந்த ஆட்சேபத்தை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அது கேட்பது என்ன? விரைவான விசாரணையை. அதைத்தான் நானும் கேட்கிறேன். சிறையில் ஒருவர் இருக்கும் வழக்கில், முதல் சாத்தியமான நாளில், இடைவெளி விட்டு அமரவைத்தாவது சாட்சியை விசாரித்திருந்தால், குழந்தைக்கும் கைதிக்கும் ஒரே தீர்ப்பு இருவர் காத்திருப்பையும் முடித்திருக்கும். நீதிபதிகளும் ஊழியர்களும் வழக்கறிஞர்களும் உயிரைப் பணயம் வைக்க முடியுமா என்று கேட்டால், முடியாது. இரண்டாம் அலையில் அவர்களும் மடிந்தார்கள். நீதிமன்றத்தை மூடியது தவறு என்று நான் சொல்லவில்லை. மூடியதன் விலையை யார் கொடுத்தார்கள் என்பதே கேள்வி. வழக்காடிகளுக்கு நீட்டிப்பு, சாட்சி விசாரணைக்கு நீட்டிப்பு. அந்த நீட்டிப்புகள் சிறைக்குள் இருந்தவருக்கு மட்டும் கூடுதல் நாட்களாக வந்து சேர்ந்தன. குடும்பத்தாரைப் பார்க்கும் முலாகாத்துகூட அப்போது நிறுத்தப்பட்டிருந்தது.

2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதன் 530-வது பிரிவு விசாரணைகளை மின்னணு முறையில் நடத்த இடம் கொடுக்கிறது. 479-வது பிரிவு, முன்பு எந்தக் குற்றத்திலும் தண்டிக்கப்படாத விசாரணைக் கைதி அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைச் சிறையில் கழித்துவிட்டால் விடச் சொல்கிறது. இரண்டும் பெருந்தொற்றின் பாடங்கள் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் பெருந்தொற்று, வெள்ளம், போர் என்று எதனாலோ சாட்சி விசாரணையே நின்றுபோனால் காவலில் இருப்பவர் நிலை என்ன என்பதற்கு அந்த நெடிய சட்டத்தில் ஒரு வரி இல்லை. அடுத்த முறையும் நீதிமன்றம் தானாக முன்வந்து எடுக்கும் ஒரு மனு, ஒரு குழு, ஒரு சுற்றறிக்கை, ஒரு தடை உத்தரவு என்றே தொடங்க வேண்டியிருக்கும்.

எழுத வேண்டிய வரி நீளமானதல்ல. உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் ஒரு வகை வழக்குகளில் சாட்சி விசாரணை முப்பது நாளுக்கு மேல் நிறுத்திவைக்கப்பட்டால், அந்த வழக்குகளில் காவலில் உள்ள ஒவ்வொருவரின் காவலும் தானாகவே மறுபரிசீலனைக்கு வர வேண்டும். காவலை நீட்டிக்க வேண்டிய காரணத்தை அரசுத் தரப்பு புதிதாகச் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் ஜாமீன். ரிமாண்டை நீட்டிக்கும் 187-வது பிரிவிலும் வாய்தா கொடுக்கும் 346-வது பிரிவிலும் ஒவ்வொரு உட்பிரிவைச் சேர்த்தால் போதும். நாடாளுமன்றக் கூட்டத்தொடர் ஒன்றில் அரை நாள் வேலை. சட்டம் எழுதுகிற அமைச்சகங்களின் ஊழியர்கள் குடியிருக்கும் ஊர் இந்த லக்ஷ்மிபாய் நகர். எழுதச் சொல்ல வேண்டியவர்கள் உங்கள் தொகுதி எம்.பி.க்கள். அடுத்த தொற்று வந்தபின் கேட்டால் பயனில்லை, இப்போது கேளுங்கள்.